இடது கீழ்ப்பல்லில் கேப்

பழனி
2025 பிப்ரவரி 3

மதினிக்கு,

திருமலைச்சாமி எழுதுகிறேன். போன் செய்ய வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடத் தோன்றினால், இதில் இருக்கும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போட்டுவிட்டுக் கிழியுங்கள்.

அண்ணனுக்குப் பல் பார்த்த கொடைக்கானல் டாக்டர் தமிழ்மதி நேற்று ஒரு போட்டோ அனுப்பினார். மலையடிவாரத்து ஸ்டேஷன் ஒன்றுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். யாரென்று தெரியாமல் புதைத்தவர்களின் பழைய கேஸ்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாராம். அண்ணன் காணாமல் போன மாதத்துக்கு அடுத்த மாதம் ஓர் ஆணின் உடல் கிடைத்திருக்கிறது. மழையில் கிடந்ததால் முகம் தெரியவில்லை. உடலைப் புதைத்துவிட்டு, தாடையை மட்டும் ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் கீழே இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் ஒரு கேப் மாட்டியிருக்கிறது. அந்தப் படம் பல் டாக்டர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்திருக்கிறது. தமிழ்மதி அதை எனக்கு அனுப்பி, "உங்க லேப் வேலையான்னு பாருங்க திருமலை" என்று மட்டும் போட்டிருந்தார். 

பயப்பட வேண்டாம். போட்டோவில் இருப்பது உலோகக் கேப். அண்ணன் வாயில் டாக்டர் ஒட்டியது வெள்ளைக் கேப், ஜிர்கோனியா. என் பல் லேபுக்குப் புது மெஷின் வந்து, அதில் செய்த முதல் கேப் அது. அதனால் எனக்கு மறக்காது.

ஆனாலும் ஒரு விஷயம் இருக்கிறது. அண்ணனின் பல்லுக்கு நான் இரண்டு கேப் செய்தேன். மெஷின் வந்து இறங்கத் தாமதமானதால், அதே பல்லின் அச்சில் மெழுகு செதுக்கி உலோகத்தில் ஒன்று வார்த்து வைத்திருந்தேன். வெள்ளையை டாக்டர் ஒட்டின பிறகு, உலோகத்தை ஒரு டப்பியில் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். "என்னடா இது, ஸ்டெப்னியா?" என்று கேட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த உலோகக் கேப் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் இந்த விஷயம் இத்தோடு முடிந்தது.

போட்டோவில் இருக்கும் செதுக்கல் என் கை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் கடைவாய்ப் பல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். யார் செதுக்கினாலும் அப்படித்தான் வரும்.

வள்ளி நர்சிங் காலேஜில் இருந்து வந்து போகிறாளா? சித்தப்பா கேட்டதாகச் சொல்லுங்கள்.

திருமலைச்சாமி


பூம்பாறை
2025 பிப்ரவரி 11

தம்பி திருமலைச்சாமிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அடுப்பு மூட்டவும் இல்லை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

போன் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கடைசியாக நீங்கள் போன் செய்தபோது வேறு ஏதோ நம்பரில் இருந்து செய்தீர்கள். எடுத்தவுடன் "நான்தான்" என்றீர்கள். உங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்று என்பது கல்யாணம் ஆன நாளில் இருந்து எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவே அடுத்த அறையில் இருந்து மாற்றிக் கூப்பிடுவார். தெரிந்தும் நான் "எங்க இருக்கீக?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் "பழனியில" என்றீர்கள். பழனியில் அவருக்கு என்ன சோலி என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. போனை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நீங்கள் ரொம்ப நேரம் "மதினி, மதினி" என்று கூப்பிட்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் தேரோட்டத்தன்று கோயில் வாசலில் உங்கள் மாமா கூட்டத்தை வைத்துக்கொண்டு உங்களைக் கேட்டார், "என்னப்பா, ஒங்க அண்ணன் எந்த ஊர்ல குடித்தனம் வச்சிருக்கானாம்?" என்று. நீங்கள் "அவன் எங்கயாச்சும் நல்லாத்தான் இருப்பான் மாமா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் தேர்வடத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வள்ளியும் நின்றுகொண்டிருந்தாள். ஆறுதலுக்குச் சொன்னீர்கள் என்று இப்போது நீங்கள் எழுதலாம். எங்கள் காதில் அது அப்படி விழவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்: கேப் இங்கேதான் இருக்கிறது. டப்பியில் பத்திரமாக இருக்கிறது. யாருடைய தாடையையோ எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

இந்த வருஷம் குளிர் அதிகம். விடியக்காலையில் பூண்டுத் தாள் மேல் உப்பு கொட்டின மாதிரி உறைபனி கிடக்கிறது.

சிவபாக்கியம்


பழனி
2025 பிப்ரவரி 24

மதினிக்கு,

பதில் கிடைத்தது. தேரோட்டத்தன்று நான் சொன்னதைச் சொன்னேன்தான். ஆறுதலுக்கு என்று எழுத மாட்டேன். மாமா வாயை அடைக்க வேண்டும் என்று சொன்னேன். வாயில் அதுதான் வந்தது.

டப்பியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் கால் தரையில் பட்ட மாதிரி இருந்தது. அந்த ஸ்டேஷனுக்கு நேரில் போய், "இது எங்க அண்ணன் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே நடந்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ரைட்டர் பெயர் பிரசாந்த், சின்ன வயசு. அண்ணனைக் காணவில்லை என்று நாம் மலைமேல் ஸ்டேஷனில் கொடுத்த மனுவின் நகல் அவரிடம் இருந்தது. நமக்கு ஏன் அப்போதே சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"ஒங்க மனுவுல இடது கீழ்ப்பல்லுல கேப்புன்னு போட்டிருக்கு. இங்க கெடச்ச ஆளுக்கு அந்தப் பக்கம் வரிசையா எல்லாப் பல்லும் இருந்துச்சு. அப்ப இது அவரு இல்லைன்னு ஒதுக்கிட்டாங்க" என்றார்.

"சார், கேப்புன்னா பல்லு மேல போடுற கேப்பு" என்றேன்.

அவர் பேப்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாங்க நடுவுல பல்லு இல்லாம கெடக்குற கேப்புன்னுல்ல எடுத்துக்கிட்டோம்" என்றார்.

மதினி, அன்றைக்கு மேலே ஸ்டேஷனில் நீங்கள் வாயால் சொன்னீர்கள், ஏட்டு கேட்டு எழுதினார். நான் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் சொன்னதும் சரி, அவர் எழுதியதும் சரி. தொப்பி மாதிரி மாட்டுவதற்கும் கேப்தான், சந்துக்கும் கேப்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. எங்கள் லேபுக்கே டாக்டர்கள் போன் செய்து, "கேப்புல கேப் இருக்குப்பா, திருப்பி அனுப்புறேன்" என்பார்கள். வேலை செய்கிற பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இனிமேல் என் லேபில் யாரும் அப்படிச் சிரிக்க விடமாட்டேன்.

அந்த ஆள் நம் அண்ணன் இல்லை என்பதால் அந்தத் தப்பினால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு வந்தேன். பெரியகுளத்தில் இருந்து மேலே ஏறும் ரோட்டில், அடுக்கம் தாண்டி, ஓடைக்குள் கிடந்திருக்கிறார். மழையில் ரோடு சரிந்த இடம். வண்டி எதுவும் கிடைக்கவில்லை. நடந்து ஏறி வந்தவராக இருக்க வேண்டும் என்கிறார்கள். அடுக்கம் தாண்டினால் பெருமாள்மலை, அப்புறம் கொடைக்கானல். அந்த ரோட்டில் வேறு எங்கும் போக முடியாது.

இன்ஸ்பெக்டர் ஒரு விஷயம் கேட்டார். வீட்டில் இருக்கும் உலோகக் கேப்பை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கேஸில் நம் பெயரை எடுத்துவிடலாம் என்றார். பஸ்ஸில் யாராவது பழனிக்கு வந்தால் கொடுத்துவிடுங்கள். பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

திருமலைச்சாமி


பூம்பாறை
2025 மார்ச் 16

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தோடு டப்பியை அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபாலில் போட்டேன். திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். உள்ளே இருப்பது வெள்ளை.

கேப் இங்கே இருக்கிறது என்றுதான் நான் எழுதினேன். எந்தக் கேப் என்று எழுதவில்லை. நீங்களும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை.

நடந்தது இது. நீங்கள் செய்துகொடுத்த வெள்ளைக் கேப் அவருக்குச் சரியாக உட்காரவில்லை. அந்தப் பக்கம் கடித்தால் இதுதான் முதலில் முட்டுகிறது என்பார். சோற்றை வலது பக்கமே மென்று பழகிக்கொண்டார். "தம்பிகிட்டச் சொல்லி ராவச் சொல்லுங்க" என்றேன். "சும்மா கெட. புது மெஷினு வாங்கி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். மொதப் பல்லே நொட்டைன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போவான்" என்றார். அந்த வருஷ ஆவணியில் சுட்ட சோளக்கதிரைக் கடித்தபோது கேப் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "இந்தா, ஒன் கொழுந்தன் மெஷினு" என்று என்னிடம் நீட்டினார். சிரித்தோம்.

அடுத்த சந்தைக்கு இறங்கினபோது ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு போனார். வத்தலக்குண்டில் யாரோ ஒரு டாக்டரிடம் ஒட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்ததும் வாயைத் திறந்து காட்டினார். "ஸ்டெப்னி மாட்டியாச்சு. இப்பத்தான் பல்லு பல்லு மாதிரி இருக்கு. அவன்கிட்ட மூச்சு விட்டுறாத" என்றார். நான் மூச்சு விடவில்லை. இன்று வரை விடவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் உலோகக் கேப் என்ற வார்த்தையைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல அந்த வார்த்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் பாய்ச்சப் போனேன், வந்தேன், சமைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். இத்தனை நாளும் அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். களை எடுக்கும்போது திட்டுவேன், வள்ளிக்கு ஃபீஸ் கட்டும்போது திட்டுவேன். திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். நான் உலோகம் என்று எழுதினால் அந்த ஆளும் போய்விடுவார். அதனால் எழுதவில்லை.

ஆனால் நீங்கள் அடுக்கம் தாண்டி என்று எழுதியிருந்தீர்கள். அன்று பூண்டைப் பெரியகுளம் பக்கத்துச் சந்தையில் போட்டுவிட்டு லாரியை முன்னால் அனுப்பிவிட்டார் என்பது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு பஸ் ஏறி வேறு ஊருக்குப் போனார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். அவர் ஏறி வந்திருக்கிறார். பஸ் ரோட்டில் மரம் விழுந்து கிடந்த நாள் அது. காத்திருக்கப் பொறுக்காமல் அந்த வழியாக வந்திருப்பார். அன்று மத்தியானம் போனில், "வெரசா வந்துருவேன்" என்றுதான் வைத்தார்.

உயிரோடு எங்கோ இருக்கிறவர் வேண்டுமா, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் வேண்டுமா என்று யோசித்தேன். பல நாள் யோசித்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

டப்பியைப் போலீஸில் காட்டுங்கள். வள்ளியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

சிவபாக்கியம்


பழனி
2025 மே 19

மதினிக்கு,

வள்ளியின் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள் அல்லவா, அதன் முடிவு இன்று வந்தது. அண்ணன்தான்.

இதைப் போனில் வள்ளியிடம் சொல்லி, அவள் மூலமாக உங்களிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். நானே எழுத வேண்டும் என்று தோன்றியது.

சோதனைக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தாடையைப் பார்க்க என்னை மார்ச் கடைசியில் கூப்பிட்டார்கள். அண்ணன் பல்லின் அச்சு என்னிடம் இருந்தது. பழைய அச்சுகளை வருஷத்துக்கு ஒருமுறை உடைத்துப் போடுவோம். மெஷினில் செய்த முதல் பல் என்பதால் இதை அலமாரியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் உலோகக் கேப்பைப் பல்லில் இருந்து கழற்றிக் கையில் கொடுத்தார். நான் அச்சின் மேல் வைத்தேன்.

உட்கார்ந்தது, மதினி. தள்ள வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் விளிம்பில் ஊசி முனையை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் மாட்டவில்லை. பிறகு உள்ளே ரப்பர் பசை தடவி அழுத்தி, காய்ந்ததும் உரித்தெடுத்தேன். அச்சுக்கும் கேப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு தடிமனில் அது தோல் மாதிரி வரும். எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். வெங்காயச் சருகு மாதிரி வந்தது. எந்தக் கேப்பாக இருந்தாலும் உள்ளே அவ்வளவு இடம் விட்டுத்தான் செய்வோம். சிமெண்ட் நிற்க இடம் வேண்டும். இடமே விடாமல் செய்தால் கேப் பல்லில் இறங்காது.

அப்புறம் நீங்கள் அனுப்பிய வெள்ளையை எடுத்தேன். அதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் டாக்டரிடம் கேட்டேன். அவர் தாடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அண்ணனின் பல்லிலேயே வைத்துப் பார்த்தேன்.  

பசையை உரித்துப் பார்த்தேன். நாக்குப் பக்கம் ஓரிடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அங்கே கேப் பல்லில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதனால் மற்ற பக்கமெல்லாம் தடித்துப் போயிருந்தது. காரணமும் தெரிந்தது. கேப் போட டாக்டர் பல்லைச் செதுக்கினபோது அந்த இடத்தில் ஒரு கூர்மையான முனை நின்றுவிட்டது. மெழுகு உருகி ஓடும், எந்த மூலைக்குள்ளும் போய்விடும். அதனால் உலோகக் கேப் அந்த முனையை அப்படியே எடுத்துக்கொண்டது. மெஷினில் கடைவது ஒரு சின்ன உருண்டை முனை. தன்னைவிடச் சின்ன மூலைக்குள் அது போகாது. கடைந்த பிறகு சூளையில் வைத்தால் ஜிர்கோனியா ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தக் கணக்கை மெஷின் சரியாகத்தான் போட்டிருந்தது. மூலையைத்தான் நான் பார்க்காமல் விட்டேன். மெஷின்காரன் திரையில் காட்டினான், எல்லாம் பச்சையாக இருந்தது, நானும் சரி என்றேன்.

ராவியிருந்தால் பத்து நிமிஷத்து வேலை. அவர் வாயே திறக்கவில்லை. என் மூஞ்சி தொங்கும் என்று ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டிருக்கிறார். கழன்று விழுந்ததால்தான் கண்டுபிடித்தோம் என்று என்னைத் தேற்றிக்கொள்ளவும் முடியாது. வெள்ளை அப்படியே நின்றிருந்தால், போட்டோவில் வெள்ளைதான் இருந்திருக்கும். அப்போதும் கண்டுபிடித்திருப்போம். ஒரு கடிதம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

நேற்று மாமா ஒரு விசேஷத்துக்குப் பழனி வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னப்பா, அண்ணன் சங்கதி ஏதாச்சும் உண்டா?" என்றார். "வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாரு மாமா. அடுக்கம் தாண்டிட்டாரு" என்றேன். சத்தமாகச் சொன்னேன். பந்தியில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். யாரும் சிரிக்கவில்லை. மாமா அப்பளத்தை உடைத்துப் போட்டுக்கொண்டு, இலையைப் பார்த்தே சாப்பிட்டார்.

இனி செய்ய வேண்டியது. புதைத்த இடத்தைத் தோண்டிக் கொடுப்பதற்கு உத்தரவு வந்துவிடும் என்கிறார் இன்ஸ்பெக்டர். தாடையையும் கொடுத்துவிடுவார்கள். கீழேயே காரியத்தை முடிப்பதா, மேலே கொண்டுவருவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு கேப்பும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

திருமலைச்சாமி


பூம்பாறை
2025 மே 27

தம்பிக்கு,

கடிதம் வந்தபோது காட்டில் இருந்தேன். விதைப்பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தோம். கையைக் கழுவிவிட்டு வரப்பில் உட்கார்ந்து படித்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மிச்சப் பாத்தியையும் ஊன்றி முடித்தேன். கூட இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். "வந்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றேன். 

கீழே காரியம் வேண்டாம். நானும் வள்ளியும் இறங்கி வருகிறோம். வாங்கிக்கொண்டு பஸ் ரோட்டில் போக வேண்டாம். அடுக்கம் வழியாக ஒரு ஜீப் பேசி வையுங்கள். அந்த ஓடை வந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டாம். நிற்காமல் பெருமாள்மலை வரைக்கும் ஏறட்டும். பாதியில் நின்றது போதும்.

ஸ்டெப்னியை அந்தப் பல்லிலேயே மாட்டி அவரோடு அனுப்பிவிடுங்கள். அது பொருந்தினது, அவருக்குப் பிடித்தது. வெள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அச்சையும் உடைக்க வேண்டாம். முனையைப் பார்க்காமல் விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைச் சொல்லிச் சிரித்தார், அவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை எழுதாமல் விட்டால் நீங்கள் அதையே நோண்டிக்கொண்டிருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வள்ளி அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியின் மரப்பு விட்ட பிறகுதான் வலிக்கும் என்று தமிழ்மதி டாக்டர் சொல்வார். விடும்போது விடட்டும்.

நாள் பேச வேண்டும், ஜீப் பேச வேண்டும். இதையெல்லாம் தபாலில் பேசி முடியாது. அதனால் போன் செய்யுங்கள். சாயங்காலம் செய்தால் மேட்டில் நின்று எடுப்பேன், அங்கேதான் டவர் கிடைக்கும்.

ஆனால் எடுத்தவுடன் "நான்தான்" என்று சொல்லாதீர்கள். முதலில் "மதினி" என்று சொல்லிவிடுங்கள். அவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சிவபாக்கியம்